திறக்காத மூன்றாவது துளை

"இன்ஜின் போச்சு, டீச்சர். இனிமே இதுக்குச் செலவு பண்றது வீண்."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் இப்படிச் சொன்னேன். எண்பதுகளின் நடுப்பகுதி. தேக்கா சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். ரோட்டரி இன்ஜினைப் பிரித்துப் பார்த்த ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான் என்ற மிதப்பும் இருந்தது. எதிரில் நின்றவர் குவீன்ஸ்டவுனில் தனியாகக் குடியிருந்த கணக்கு ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவர். இரண்டு கதவு வைத்த சிவப்பு ரோட்டரி கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். "சர்ச்சுக்குப் போற பொம்பளைக்கு ரேஸ் கார் எதுக்கு லா?" என்று அவர் தலை மறைந்ததும் எங்கள் முதலாளி சிரிப்பார்.

ஊருக்குள் கார் நன்றாகத்தான் போகிறது. விரைவுச்சாலையில் லாரியை முந்தலாம் என்று மிதித்தால் மூச்சு வாங்குகிறது. இதுதான் அவர் சொன்ன குறை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே இரண்டு முக்கோணங்கள் சுழலும் இன்ஜின் அது. முக்கோணத்தின் முனைகளில் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கும் சீல் தேய்ந்தால் இழுவை போய்விடும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. உள்ளே அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கவும் இல்லை.

அவர் வாதாடவில்லை. "சரி. திங்கக்கிழமை ஸ்கூல் முடிஞ்சதும் ஸ்கிராப்புக்குக் குடுத்துடுறேன்," என்று சொல்லிக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அங்கேதான் என் நிம்மதி போனது. அப்போதுதான் ஓட்டி வந்து நிறுத்திய, கொதிக்கிற இன்ஜின். சீல் போயிருந்தால் சூட்டில் முக்கி முனகியிருக்க வேண்டுமே? கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. முதலாளியிடம் சொன்னேன். "சொன்னது சொன்னதுதான். இப்பப் போய் மாத்திப் பேசினா நம்ம பேரு என்னாவும்?" என்றார். சனிக்கிழமை என்பதால் மதியமே கடை மூடும்போது அந்தக் காரின் தடித்த ஆங்கிலக் கையேட்டையும் டீச்சருடைய முகவரி எழுதிய அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, என் வீடிருந்த மார்சிலிங்குக்குப் பஸ் ஏறினேன்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் கையேட்டை விரித்தேன். நான்கு பக்கம் படிப்பேன், எழுந்து ஜன்னல்வரை போவேன், திரும்பி வருவேன்.

"இட்லி ஆறிப்போச்சு. எதுக்கு இப்படிக் கூண்டுக்குள்ள சுத்துற மாதிரி சுத்துறீங்க?" என்றாள் மனைவி.

ஒரு படத்தில் விரல் நின்றது. முக்கோணம் சுழலும் ஒவ்வொரு அறைக்கும் காற்று நுழைய மூன்று துளைகள். மெதுவாகப் போகும்போது ஒன்று போதும். நன்றாக மிதித்தால் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, வேகம் ஏறிய பிறகுதான் திறக்கும். அதற்குள்ளே பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய ஒரு குழல் இருக்கிறது. குழல் திரும்பினால் ஜன்னல் துளைக்கு நேராக வந்து காற்று உள்ளே போகும். குழலைத் திருப்புவது வெளியே போகும் புகையின் அழுத்தம்.

புகையின் அழுத்தம். இரண்டு மாதத்துக்கு முன் துருப்பிடித்த சைலன்சரை எடுத்துவிட்டு, அகலமான குழாயைப் போட்டது நான்தான். "பவர் கூடும், டீச்சர்," என்று சொல்லிப் போட்டேன். அதில் புகை தடையே இல்லாமல் ஓடிவிடும். அழுத்தம் எங்கிருந்து வரும்?

போன் செய்திருக்கலாம். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. குவீன்ஸ்டவுனுக்கு இரண்டு பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஏறி, டிக்கெட் பெட்டியில் நிதானமாகச் சில்லறை போட்டார்கள். திங்கட்கிழமை ஆகவில்லை என்று தெரிந்தும், அதற்குள் யாராவது காரை இழுத்துப் போயிருப்பார்களோ என்று பதறினேன்.

கதவைத் திறந்தவர் சர்ச்சுக்குக் கட்டிய சேலையிலேயே இருந்தார்.

"டீச்சர், இன்ஜின் போகல. நான் தப்பா சொல்லிட்டேன்."

"அளந்து பாத்துத்தானே சொன்னீங்க?"

"இல்ல."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

கார் பார்க்கில் பானெட்டைத் திறந்து, குழலைத் திருப்பும் சின்ன நெம்புகோலை அவருக்குக் காட்டினேன். இன்ஜினை முடுக்கினேன். நெம்புகோல் அசையவில்லை. ஒரு சாக்கை நனைத்துப் பலகையில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் முன்னால் நின்று, நான் காட்டிக்கொடுத்தபடி கையாலேயே வேகத்தை ஏற்றினார். புகைக்குழாயின் வாயைச் சாக்கால் பாதி அடைத்தேன். ஆவி முகத்தில் அடித்தது. மேல்மாடி நடைபாதைகளில் எல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன.

"திரும்புது! திரும்புது!" என்று கத்தினார் டீச்சர்.

இன்ஜினை அணைத்த பிறகு அந்தக் குழாயைப் பொருத்தியது நான்தான் என்பதையும் சொன்னேன். "தெரியும். நீங்கதானே பவர் கூடும்னீங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சுங்கை காடுட்டில் ஒரு பழைய சாமான் கடையில் அதே ரகச் சைலன்சர் கிடைத்தது. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, செவ்வாய்க்கிழமை மாலை அதைப் பொருத்தினேன். "நீங்களும் ஏறுங்க," என்றார் டீச்சர். விரைவுச்சாலையில் அவர் மிதித்தார். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தை நெருங்கியதும் இன்ஜினின் குரல் மாறியது. என் முதுகு சீட்டோடு ஒட்டியது. ஒரு லாரி, இன்னொரு லாரி. அவர் சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் இந்தக் காரை வாங்கினேன்," என்றார்.

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் மார்சிலிங்கில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிறுத்தினார். மேலே வந்து காப்பி குடித்துவிட்டுப் போகும்படி அழைத்தேன். வந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குள் நடந்த நடையை மனைவி எழுந்து நடித்தே காட்ட, டீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.