சம்மந்தியம்மாவுக்குப் போட்ட மாலை

சூசை ஓட்டியது வெள்ளிமலை பஸ். மலை ஏறும்போது அவர் வாய் ஓயாது. இறங்கும்போது பயணிகள் வாய் ஓயாது, அவனவன் சாமியைக் கூப்பிட்டபடி வருவான்.

ஒருநாள் வளைவு ஒன்றில், புதரையே மூடிப் பூத்திருந்த வெள்ளைப் பூக்கொடியைப் பார்த்தார். பஸ்ஸை நிறுத்தி, அத்தனை ஜனத்தையும் காக்கவைத்து, வேரோடு ஒரு துண்டு பிடுங்கி வந்தார். கள்ளக்குறிச்சியில் வீட்டு வாசலில் குழி தோண்டி, ஆட்டு எரு போட்டு, வேர் காயாமல் ஓட்டுச் சில்லு பரப்பி நட்டார். சும்மா சொல்லக்கூடாது, கொடி இலைக்காம்பாலேயே கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கூரை வரை ஏறியது. பூதான் வைக்கவில்லை. மூன்று வருஷமாக வெறும் இலை.

"முருங்கைய வெச்சிருந்தா கீரையாவது ஆக்கியிருப்பேன். இத்த வெச்சிக்கினு இன்னாயா பண்றது, நாக்கு வழிக்கவா?" என்பாள் மனைவி இசபெல்லா.

"அனிட்டா கல்யாணத்துக்குப் பூக்கும், பாரு."

வாய்க்கு வந்ததைச் சொன்னார், பாவி மனுஷன். எண்பத்தேழில் மகள் அனிட்டாவுக்கு மணலூர்பேட்டை ஆல்பர்ட்டைப் பேசி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம் பார்த்து இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோடெங்கும் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். பஸ் இல்லை. சேலத்தில் சொல்லிவைத்த மாலைகள் சின்னசேலத்தைத் தாண்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரப்பிலும் வாய்க்காலிலும் சைக்கிள் உருட்டிக் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆல்பர்ட்டின் அம்மா ஞானசவுந்தரி கேரியரில் குலுங்கிக் குலுங்கி, இடுப்பு கழன்று, கோயில் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மாலை எங்க? பூ கூட இல்லாம அனுப்புனாங்கன்னு நாளைக்கு ஊரு பேசாது?"

ஊர் பேசாது, இவள்தான் ஆயுசுக்கும் பேசுவாள் என்று சூசைக்குப் புரிந்தது. மகள் அந்த வீட்டில் தினம் தினம் கேட்டுச் சாக வேண்டியதுதான். வீட்டுக்கு ஓடினார்.

அட! வாசலில் கொடி வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. கல்யாண வேலையில் யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? சூசையும் பின்னாலேயே ஓடிவந்த இசபெல்லாவும் கொத்துக் கொத்தாகப் பிய்த்து, தண்டைக் கசக்கி முறுக்கி மாலை கட்டினார்கள். பொண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. சம்மந்தியம்மா வாயை அடைக்க, ரெண்டு மடங்கு தடிமனில் இன்னொன்று.

ஜனம் வாயைப் பிளந்தது. "இன்னா பூங்க இது, சூசையண்ணே?" சூசைக்குத் தலைகால் புரியவில்லை. ஞானசவுந்தரிகூட மாலையைக் கழற்றாமலே பந்தியில் உட்கார்ந்தாள்.

ரசத்துக்கு வருவதற்குள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். அந்தக் கொடியின் சாறு பட்டால் தோல் வெந்துபோகும். மாப்பிள்ளையைக் கோட்டுக் காலர் காப்பாற்றியது, பொண்ணை முக்காடு காப்பாற்றியது. சம்மந்தியம்மாவுடையது வேர்த்து வழிந்த வெறுங்கழுத்து. பாயசத்தின்போது அது தக்காளியாகப் பழுத்துவிட்டது. கட்டியவர்கள் விரலெல்லாம் கொப்புளம்.

"அடப் பாவி மனுஷா!" இசபெல்லா அரிவாளைத் தேடினாள், கொடிக்கா புருஷனுக்கா என்று சொல்லவில்லை.

புறப்படும் நேரம். ஞானசவுந்தரி எண்ணெய் தடவி ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு கேரியரில் ஏறினாள். அனிட்டா அப்பாவை ஓரமாக இழுத்தாள். திட்டப்போகிறாள் என்று சூசை தலையைக் குனிந்தார்.

"யப்பா, அந்தக் கொடியில வேரோட ஒரு துண்டு குடு."

"இன்னாத்துக்கும்மா?"

"அங்க வாசல்ல வைக்கிறேன். நம்ம வூட்டு ஆளு ஒண்ணு கூட இருக்கட்டும். யாராச்சும் ரொம்ப எகிறுனா மாலையும் கட்டலாம்."

சூசை வெடித்துச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. இருபது வருஷம் வளர்த்த பெண்ணை இன்றைக்கு அனுப்புகிறோம் என்பது மாலை அவசரத்தில் அவருக்கு உறைத்திருக்கவே இல்லை. கொப்புளக் கையால் கண்ணைத் துடைக்கவும் பயம். தரையில் படர்ந்து வேர்விட்டிருந்த கிளை ஒன்றை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, சம்மந்தியம்மா உட்கார்ந்திருந்த சைக்கிளின் ஹேண்டில்பாரிலேயே கட்டிவிட்டார்.

"அது இன்னா மூட்டை?" என்றாள் ஞானசவுந்தரி.

"கீரைங்க அத்தை," என்றாள் அனிட்டா.