பெரியப்பாவுக்குத் தெரிந்த வேலைகள்

1976 விஸ்வகர்மா பூஜைக்கு மறுவாரம்தான் அது நடந்தது. முந்தைய வாரம் என்று அக்கா இன்னும் சாதிக்கிறாள். ஆனால் கிடர்பூர் மின்கம்பிகளில் கிழிந்த பட்டங்கள் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. வங்காளத்தில் பட்டம் விடுவது அந்தப் பூஜையன்று. ஆகவே என் கணக்கே சரி.

பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேன் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை செயலற்றுப்போனது, இடுப்பும் கோணிவிட்டது. யூனியன் போட்ட ஒப்பந்தப்படி, சொந்த வேலையைச் செய்ய முடியாதவருக்கு இரண்டு வருடம் பாதிச் சம்பளம் உண்டு. அதன் பிறகும் வேண்டுமானால், எந்த வேலைக்குமே லாயக்கில்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முடிந்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது.

டாக்டர் பரிசோதனைக்குத் துணையாக என்னை அனுப்பியது பெரியம்மாவின் யோசனை. ஒன்பது வயதுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்களுக்கு மனது இளகுமாம்.

“எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. வீறாப்பு பேசாதீங்க.”

“சரிடி, ஊமையாவே இருந்துட்டு வரேன்.”

“ஊமைன்னா இன்னும் நல்லது.”

துறைமுக ஆபீஸ் அறையில் டாக்டரும் நிர்வாகத்தின் ஆபீசர் ஒருவரும் யூனியன் செயலாளரும் இருந்தார்கள். செயலாளர் ஊருக்கெல்லாம் தாதா, அதாவது அண்ணன். என்னை எதிர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டர் வங்காளியில் கேட்டார்.

“மாடி ஏற முடியுமா?”

“முடியாது.”

“மூட்டை தூக்க?”

“முடியாது.”

பெரியப்பா தரையைப் பார்த்தே பதில் சொன்னார். அந்தக் குரல் அவருடையது போலவே இல்லை.

“எழுத?”

அவர் நிமிர்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் எனக்கு வாய்ப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார்.

“இடது கையால எழுதுவேன்.”

தாதா இருமினார். பெரியப்பா நிறுத்தவில்லை. வங்காளி, இந்தி, தெலுங்கு மூன்றும் படிப்பாராம். கப்பல்காரர்களோடு இங்கிலீஷ் பேசுவாராம். கணக்கெல்லாம் மனக்கணக்குத்தானாம். சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. ஒரே ஆளுக்குள் இத்தனையா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“அப்படியானால் டெலிபோன் அறையில் உட்காரலாமே,” என்றார் ஆபீசர்.

“தாராளமா!”

தாதா குறுக்கிட்டார். “அந்த இடம் காலியாக இருக்கிறதா?”

“இல்லை. இவரால் முடியுமா என்பதுதான் கேள்வி. நாங்கள் வேலை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது, தாதா? கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?”

டாக்டர் பேனாவை மூடினார்.

வழியெல்லாம் பெரியப்பா தரையைப் பார்த்தே நடந்தார். பெரிய காரியம் செய்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலிலேயே கத்தினேன்: “பெரியம்மா, கேட்டதுக்கெல்லாம் பெரியப்பா ‘முடியும்’னு சொல்லிட்டார்!”

பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பெரியம்மா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

“நீ எங்கடி உட்கார்ந்திருந்தே?”

“பெரியப்பாவுக்கு நேர் எதிரே. அவர் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார்.”

“அதான்,” என்றாள் பெரியம்மா. என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். என்னையும் மெச்சுகிறாள் என்றே அன்று நினைத்தேன்.