கூட்டாளி என்று ஒரு சொல்

எழுத்து எனக்குக் கைவராது. தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். முன்னது பின்னதாக வரும், நாள் கிழமை நினைவில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கை மகள்தான் நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னாள். போன மாதம் அவள் என்னை அழைத்துப்போன படத்தில், திரையின் அடியில் வந்த ஒரே ஒரு சொல்லால் வந்தது இது.

ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கதைப்படம் இல்லை, நடந்ததை நடந்தபடியே எடுத்த ஆவணப்படம். வேறொரு நாட்டில் இரண்டு பெண்கள், தங்களைக் கணவன் மனைவி போலவே சட்டப்படி பதிந்துகொள்ள வேண்டும் என்று கேஸ் போட்டு வருஷக்கணக்கில் அலைகிறார்கள். அவர்கள் பேசுவதற்கு அடியில் தமிழ் எழுத்துப் போட்டது என் தங்கை மகள். வயதானவர்களுக்குப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் நான் போனேன். நீதிபதி அந்த அம்மாவைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு யார் என்று கேட்கிறார். அந்த அம்மா சொன்ன பதிலுக்குக் கீழே, "இவர் என் கூட்டாளி" என்று வந்தது. எனக்கு முன் வரிசையில் இருந்தவர் தன் மனைவி பக்கம் சாய்ந்து, "கூட்டாளின்னா ஃப்ரெண்டு லா. அதுக்கு எதுக்குக் கோர்ட்டுக்குப் போறாங்க?" என்றார். அவர் மனைவியும் சிரித்தார். எனக்கு அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று பாதிதான் தெரியும்.

பல வருஷத்துக்கு முன்பு ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருவர் இருந்தார்கள். ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டினார், அவரை டிரைவரக்கா என்போம். மற்றவர் அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர், சின்னக்கா. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீடு. டிரைவரக்காவுக்கு இனிப்பு நீர். கோப்பிக்கடையில் சின்னக்காவே போய்ச் சீனி இல்லாமல் வாங்கி வந்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். புதிதாக யாராவது இவர் யார் என்று கேட்டால் டிரைவரக்கா, "என் கூட்டாளி. பிரேக்கு மட்டுந்தான் என் கால்ல, மத்ததெல்லாம் அவ கையில" என்பார். கேட்டவர்கள் சிநேகிதி என்று நினைத்துச் சிரிப்பார்கள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதானே அர்த்தம். ஆனால் அதைக் கேட்டுச் சின்னக்கா தலையைக் குனிந்துகொள்ளும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். சிநேகிதி என்று சொன்னதற்கு யாரும் அப்படி வெட்கப்படுவதில்லை.

டிரைவரக்கா ஒரு நாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, அப்படியே ஸ்டீரிங் மேல் சாய்ந்துவிட்டார். கொண்டுபோன மருத்துவமனையில் அப்போது நான் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தாதி சின்னக்காவிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறாள். சின்னக்காவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் வராது. மாப்போடு நின்ற என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "நீ சொல்லும்மா. நான் அவளோட கூட்டாளின்னு சொல்லு" என்றார். நான், "ஃப்ரெண்டு" என்றேன். தாதி எழுதிக்கொண்டாள். குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றாள். அதையும் நானே தமிழில் சொன்னேன்.

ஊரின் இன்னொரு கோடியான சுவா சூ காங்கிலிருந்து டிரைவரக்காவின் தம்பி வந்தார். அக்காவோடு பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ வருஷம். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அக்காவுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டதற்கு விழித்தார். அதைத் தெரிந்தவர் கதவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். நான் உள்ளே துடைக்கப் போகும்போது சின்னக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ காலைப் போர்வைக்கு வெளிய எடுத்து விடும்மா, மூடியிருந்தா தூங்க மாட்டா" என்றார். முதல் நாள் செய்தேன். மறுநாள் ஒரு தாதி பார்த்துவிட்டு அதட்டினாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் பிறகு அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை. ஆனால் வெளியே வந்து, எடுத்துவிட்டேன் என்று சின்னக்காவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் மத்தியானம் டிரைவரக்கா போய்விட்டார். சின்னக்கா உள்ளே போகவே இல்லை.

படம் முடிந்து படியிறங்கும்போது இதையெல்லாம் தங்கை மகளிடம் சொன்னேன். "நீங்க என்ன சொல்லியிருந்தாலும் அந்த ஃபாரத்துல அவங்களுக்கு எடம் இல்ல பெரியம்மா. சட்டத்துலயே இல்ல. அதுக்குத்தான அந்தப் படத்துல அவ்வளவு சண்டை" என்றாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் அந்தத் தாதி எழுதுவதற்கு முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தாள். சிஸ்டர், கூடப் பிறந்தவர் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் இல்லை, வெட்கம்தான். அந்த இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியும் என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற வெட்கம். கூட்டாளிக்குப் பதிலாக என்ன சொல் போடலாம் என்று தங்கை மகள் கேட்டாள். கல்யாணப் பத்திரிகையில் அடிப்பார்களே, வாழ்க்கைத்துணை என்று, அதைப் போடு என்றேன். மாற்றிவிட்டாளாம்.

வீடு டிரைவரக்கா பேரில் இருந்தது. அதனால் சின்னக்கா காலி செய்துகொண்டு போனார். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. உயிரோடு இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டி, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மூன்று நாள் என்று எழுதியிருக்கிறேன், நான்காகவும் இருக்கலாம். காத்திருந்தவர் அவர், அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அவருக்குத் தெரியாதவையும் இரண்டு உண்டு. மறுநாளிலிருந்து அந்தக் காலைப் போர்வைக்கு வெளியே நான் எடுத்துவிடவில்லை. அன்றைக்கு வாசலில் அவர் சொன்னதைத் தாதியிடம் நான் அப்படியே சொல்லிவிட்டேன் என்று நம்பி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.