மிச்சக் கான்கிரீட்டில் ஒரு வாய்க்கால் பாலம்

ஈரச் சாக்கு வாசனை... டீசல் புகை... மிக்சர் மெஷினுக்குள் ஜல்லி உருளும் கடகட சத்தம்.

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள் என்றாலே எனக்கு இதெல்லாம்தான் முதலில் வரும்.

டிப்ளமா சிவில் முடித்துத் தஞ்சாவூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. சைட், ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் துபாயிலிருந்து லீவில் வந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரையைத் தாங்கும் பீமுக்கும், கூரைத் தளமான ஸ்லாபுக்கும் எவ்வளவு சிமென்ட், மணல், ஜல்லி வேண்டும் என்று எஸ்டிமேட் போடுவது என் வேலை.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. பீம் ஒன்றரை அடி உயரம் என்றால் முழுசுக்கும் கணக்கு போடுவார்கள். மேலே வரும் ஸ்லாபுக்குத் தனிக் கணக்கு. அந்த ஒன்றரை அடியில் மேல் ஐந்து அங்குலம் ஸ்லாபுக்குள்ளேயே போய்விடுகிறது, ஒரே இடத்தை ரெண்டு தடவை அளக்கிறீர்களே என்று கேட்டால், "கூடக் கெடந்தா கெடக்கட்டும்மா" என்பார்கள்.

நான் விடுவேனா? ஒவ்வொரு பீமிலும் அந்த ஐந்து அங்குலத்தைக் கழித்துக் கச்சிதமாகப் போட்டுக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் "பரவாயில்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

மறுநாளே எதிர்வீட்டு மலர்க்கொடி அக்கா சைட்டுக்கு வந்தார்.

"மேடம், மிச்சக் கலவை எனக்குத்தான். வேற யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க, ஆமா."

அந்தப் பக்கத்தில் அது வழக்கம். கான்கிரீட் முடிந்ததும் மிஞ்சிய ஜல்லியையும் மணலையும் யாரும் திரும்ப அள்ளிப் போக மாட்டார்கள். மெஷின் ஓடும்போதே கடைசியாக ஒரு கலவை போட்டு, அக்கம்பக்கத்தில் முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்குத் துவைக்கிற கல், இன்னொருவருக்கு மாட்டுத் தொட்டி.

அக்கா கேட்டது பாலத்துக்கு. அவர் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். மேலே ரெண்டு தென்னை மரத்தைப் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். கணவர் முருகையனுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. முகாமில் கொடுத்த வீல்சேர் இருக்கிறது, ஆனால் தென்னை மரத்தில் அது எப்படி உருளும்? ஆஸ்பத்திரிக்கு ஆள் தூக்கிப் போவதோடு சரி. மற்றபடி மனுஷன் வீட்டோடு கிடந்தார்.

"கம்பி நானே வாங்கிட்டேன். பலகையும் அடிச்சாச்சு. மேட்டூர்ல தண்ணி தெறந்துட்டா வாய்க்கால்ல முட்டுக் குடுக்க முடியாது மேடம். இப்பவே போட்டாத்தான் உண்டு."

கச்சிதமாகக் கழித்துப் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. "அக்கா... இந்தத் தடவை மிச்சம் இருக்காதுக்கா."

"மிச்சம் இல்லாம எந்த ஊர்ல கான்கிரீட் போட்டாங்க? போங்க மேடம்!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நேரே ரவிச்சந்திரனிடம் போனேன். "சார், அவங்க பாலத்துக்கும் சேத்து எஸ்டிமேட்ல எழுதிடட்டுமா?"

அவர் பதறிவிட்டார். "ஐயய்யோ, முருகையன் காதுல விழுந்துடப் போகுதுங்க. நானும் அவனும் ஒண்ணாப் படிச்சவங்க. போன லீவுலயே, நான் போட்டுத் தரேண்டான்னேன். பிச்சை போடுறியான்னு கேட்டு, நான் ஃப்ளைட் ஏறுற வரைக்கும் பேசல. மிச்சம்னா மட்டுந்தான் வாங்குவான். ஏன்னா அது யாரும் அவனுக்குன்னு குடுக்கறதில்ல, தானா மிஞ்சுறது பாருங்க."

சற்று யோசித்தார். "நீங்க எதையோ கழிச்சதாச் சொன்னாங்களே... அதைக் கழிக்காமப் போடுங்க. உங்க சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஆக, சரியாகப் போட்ட கணக்கை உட்கார்ந்து தப்பாக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கணக்கும் போட்டதில்லை.

கான்கிரீட் அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. மதியத்துக்கு மேல் நடு பீமின் கலவையைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை ஒரு பக்கம் வயிறு தள்ளிவிட்டது. மேஸ்திரி கத்திக்கொண்டே முட்டு கொடுத்து நிமிர்த்துவதற்குள், சட்டி சட்டியாகக் கலவையை விழுங்கிவிட்டது. கீழே ஜல்லிக் குவியல் கரையக் கரைய எனக்கு உயிரே இல்லை. பீமைப் பார்க்க வேண்டியவள் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ரவிச்சந்திரனும் அதையேதான் பார்த்தார்.

ஸ்லாப் முடிந்தது. தரையோடு தரையாகக் கொஞ்சம் ஜல்லி, கொஞ்சம் மணல், பிரித்த மூட்டையில் சிமென்ட். வழித்து மெஷினில் போட்டோம். வாய்க்காலோரம் மலர்க்கொடி அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அதட்டினார். "இந்தா... அந்த மூலைக்கு இன்னும் ரெண்டு சட்டி போடு. என்ன, கஞ்சத்தனம் பண்றீங்க!" கடைசி மூலைக்கு மெஷினைச் சுரண்டிப் போட்டோம்.

பாலம் நிறைந்துவிட்டது. சித்தாள் பெண்களுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதே வீட்டில் அடுத்த வேலைக்கு நான் போனபோது வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. முருகையன் வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். ரவிச்சந்திரனைப் பார்த்ததும் ஒரே நக்கல். "மிச்சத்துல போட்டதுடா. ஒன் பீமைவிட ஸ்ட்ராங்கு!"

"ஆமாண்டா... உனக்குன்னு அமையுது பாரு" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். ரெண்டு பேரும் டீக்கடைப் பக்கம் போனார்கள்.

இப்போது மயிலாடுதுறையில் ஒரு அபார்ட்மென்ட் சைட்டில் இருக்கிறேன். பீமை வரைந்தால் போதும், சாஃப்ட்வேரே கழிக்க வேண்டியதைக் கழித்து அளவைச் சொல்லிவிடுகிறது. கான்கிரீட் லாரியில் கலந்தே வருகிறது. அப்படியும் மிஞ்சத்தான் செய்கிறது. போன வாரம்கூட, மிஞ்சியதைக் காம்பவுண்டு ஓரம் ஒரு குழியில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். சுற்றிலும் வீடுகள்.

மிச்சம் கேட்டு வர யாருமில்லை. யாருக்கு வேண்டியிருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை...