ஆனி மாதத்துத் துவிதியை

1968 ஜூன் மாதம், எளாவூரில் கூலிக்காரர் யேசுதாஸின் குடிசைக்குத் தபால்காரர் முதன்முதலாக வந்தார்.

கடிதம் திருவள்ளூரிலிருந்து வந்தது. கோயில் கைங்கர்யம் செய்யும் பாஷ்யம் ஐயங்கார் எழுதியிருந்தார். பதினாறு வயதில் இறந்துபோன அவருடைய மகள் வைதேஹிக்கு எழுதுவதென்றால் உயிர். அவள் நினைவாக வருடந்தோறும் கட்டுரைப் போட்டி வைத்து, அந்த வருடம் பள்ளி முடித்தவர்களில் முதலாவதாக வருபவரைத் தன் செலவில் கல்லூரியில் படிக்கவைத்தார். பொன்னேரியில் படித்த ஆரோக்கியமேரி, செத்துப்போன தன் அம்மாவின் கைகளைப் பற்றி எழுதியிருந்தாள். அவளுக்குத்தான் பரிசு.

'ஆனி மாதம் சுக்ல பட்சம் துவிதியை, வைதேஹியின் திதியன்று நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். வராவிடில் பரிசு அடுத்தவரைச் சேரும்.'

"துவிதியைன்னா இன்னா நைனா?"

"அந்தப் பொண்ணு செத்த நாளு. போன வருசம் உங்க ஸ்கூல் பூமா வாங்கினு வந்துச்சே, எப்போ?"

"ஜூலை ஒம்போது."

"அப்போ அதான்."

"யாரையாச்சும் கேட்டுக்கலாமா?"

யேசுதாஸ் சிரித்தார். "உங்கம்மா செத்த நாளு எந்த வருசமாச்சும் மாறிச்சா? இன்னா படிச்சியோ போ."

மாறவில்லைதான். மார்ச் இருபது வந்தால் பூசை, கல்லறையில் மெழுகுவத்தி. சுவரில் தொங்கிய மாதா கோயில் காலண்டரில் புனிதர்களின் திருநாட்கள் எல்லாம் இருந்தன, திதி இல்லை. அதில் ஜூலை ஒன்பதைச் சுற்றி அவரே கரியால் வட்டம் போட்டார்.

அன்று இருவரும் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார்கள். பாஷ்யத்தின் வீட்டு வாசலில் பந்தலில்லை, கூட்டமில்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி ஸத்யபாமா. பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏன்னா, சித்த வாங்கோ. அந்தக் கொழந்தை வந்திருக்கா."

பாஷ்யம் வந்து நின்றார். "பன்னெண்டு நாள் ஆயிடுத்தேம்மா. மூணு தரம் உன் பேரைக் கூப்ட்டேன்."

"ஜூலை ஒம்போதுதானே சாமி?" என்றார் யேசுதாஸ்.

"அது போன வருஷம். திதி ஒரே தேதியில வராதேப்பா." சொல்லிவிட்டு அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்னா தேதி போட்டு எழுதியிருக்கணும்."

பரிசு ஆர்.கே.பேட்டை வரதன் என்ற பையனுக்குப் போய், அவன் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டான். இரண்டு பேரைப் படிக்கவைக்க அவருக்கு வக்கில்லை.

"உன் கட்டுரையை வைதேஹி படத்துக்கு முன்னாடி நான்தான் வாசிச்சேன். பாதிக்கு மேல வாசிக்க முடியலை."

ஸத்யபாமா மோர் கொடுத்தார். யேசுதாஸ் தன் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

திரும்பும்போது பேசின் பிரிட்ஜில் மாறி, அவர் மகளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பிறகு, "நீ கேக்கலாம்னு சொன்னியே," என்றார்.

"வுடு நைனா."

அவர் விடவில்லை. அந்த வருடக் கடைசியில் பஞ்சாங்கம் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றை வாங்கிவந்து மாதா படத்தின் பக்கத்தில் மாட்டினார். அடுத்தடுத்த வருடங்களிலும் மாட்டினார். யாருக்கு அதனால் என்ன பயன்?

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபோது ஆரோக்கியமேரி போல்ட் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனாள். கூட வேலை செய்தவர்களுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பாள். "கண்ணுல தண்ணி வர்ற மாதிரி எழுதும்மா பண்டிதரே, மேஸ்திரி கல்லு நெஞ்சுக்காரன்," என்பாள் ரோசம்மாள். எல்லோரும் சிரிப்பார்கள். அதைத் தவிர அவள் வேறெதுவும் எழுதவில்லை.

1977-இல் யேசுதாஸின் நுரையீரல் கெட்டுப்போனது. பொன்னேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசி நாள் மத்தியானம், அவர் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு இன்னா திதிம்மா?"

"தெரியல நைனா."

காலையில் அவள் முந்தின நாள் தாளைக் கிழித்ததும், அன்றைய தாளில் சஷ்டி என்று இருந்தது. ஒன்பது வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.