போகியில் போன வயலின்

அப்பாவுக்கு ஸரிகமகூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் திருவண்ணாமலையில் யார் வீட்டுப் பரணில் உடைந்த வயலின் கிடந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். வேங்கிக்கால் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், யூடியூபைப் பார்த்துக்கொண்டே வஜ்ரப் பசை காய்ச்சி, பிளந்த பலகைகளை ஒட்டுவார். அந்த நாற்றத்தில் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் கட்டிலுக்கு அடியில் ஒரு வயலின் ஒளிந்திருந்தது. அது அத்தையுடையது. கீழ்பென்னாத்தூரில் மாமா அதைச் சுவரில் அடித்து உடைத்த அன்றுதான் அத்தை எங்களிடம் வந்துவிட்டாள். அவளுடைய பாத்திரம் பண்டங்களை எடுத்துவரப் போன அப்பா அதையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து, ரகசியமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். மேல்பலகையை மூடுவதுதான் பாக்கி.

"அத்தைகிட்ட மூச்சு வுடாத. தை பொறக்கட்டும், குடுத்துடலாம்" என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

போகிக்காக வீடு முழுக்க ஒழித்துப் பெருக்கியவள் அத்தைதான். விடிகாலையில் தெருவாசலில் நெருப்பு எரிய, நான் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கிழிந்த பாயைப் போட்டாள். அடுத்து அவள் போட்டது வயலினின் மேல்பலகை. தெரியாமல் போட்டுவிட்டாள் என்று நினைத்து, மேளத்தை எறிந்துவிட்டு ஓடினேன்.

"ஐயோ அத்தை, அது உன்னோட வயலின்!"

"தெரியும்" என்றாள்.

அதற்குள் அப்பா ஓடிவந்து நெருப்புக்குள் கையை நீட்டினார். அத்தை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வேணாம்ண்ணா. அதப் பாத்தா அவரு ஒடைச்ச சத்தந்தான் காதுல கேக்குது."

அப்பா பிடியை உதறிவிடுவார் என்றுதான் நான் காத்திருந்தேன். பலகையின் ஓரம் கருகியது. அவர் பார்த்துப் பார்த்து ஒட்டிய இடம் மறுபடி பிளந்தது. அப்பா கையை இழுத்துக்கொண்டார். உள்ளே போய், மிச்சமிருந்த கூட்டையும் கழுத்தையும் கொண்டுவந்து அவரே நெருப்பில் வைத்தார். நான் தெருவில் புரண்டு அழுதேன்.

மத்தியானம் அம்மா போளி சுட்டாள். வந்த நாளிலிருந்து சோற்றை அளைந்துகொண்டே இருந்த அத்தை, "இன்னொன்னு போடுங்க அண்ணி" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா தன் பங்கையும் எடுத்து அவள் தட்டில் வைத்தார். வயலினையும் எரித்துவிட்டு அப்பாவின் போளியையும் தின்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பொங்கல் முழுக்க நான் அவளோடு பேசவில்லை.