தொழில்: இல்லை

வசந்தா மேடம் காலமாகிவிட்டார் என்று எங்கள் கல்லூரிப் பொருளாதாரத் துறைத்தலைவர் காலையில் தொலைபேசியில் சொன்னார். அதே மூச்சில், "இரங்கல் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் பேசுங்க சார். உலகச் சந்தை, பெண்கள் உழைப்புன்னு அவங்க ஆராய்ச்சியெல்லாம் சொல்லுங்க" என்றார். அடேயப்பா, என்ன ஞானோதயம்! எண்பதுகளில் இதே துறை அவருக்கு வைத்த பெயர் 'புளி மேடம்'. அப்படிக் கேலி செய்தவர்கள் நாளை மாலையும் கையுமாக முதல் வரிசையில் உட்காருவார்கள். மானங்கெட்ட கூட்டம்.

அப்போது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மண்டிக்காரர்கள் வீடுகளில் புளி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள். பெண்கள் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கொட்டை மாவாகிக் கப்பலேறி, நூலுக்குக் கஞ்சி போட வெளிநாட்டுத் துணி ஆலைக்குப் போகும். அந்தக் கைகளையும் கப்பலையும் சேர்த்து எழுத நினைத்தவர் வசந்தா. உடன் வேலை பார்த்த நான் பாதி வீடுகளுக்குப் படிவம் நிரப்பப் போனேன். உள்ளே போகச் சோம்பல். வாசலில் நின்ற ஆண்களிடமே கேட்டு எழுதினேன்.

ரோசம்மாவின் புருஷன், "அவளா? வேலைக்கெல்லாம் போறதில்லீங்க. வூட்ல சும்மாத்தான் இருக்கறா" என்றார். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் 'தொழில்: இல்லை' என்று எழுதினேன். படித்த முட்டாள்!

இரண்டே மாதத்தில் அந்தச் சுத்தியல் ரோசம்மாவின் கட்டைவிரலை நசுக்கியது. சீழ் பிடித்து விரலை எடுத்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டதற்கு, "இந்தப் பொம்பளை யாருன்னே தெரியாதுங்க" என்று மண்டிக்காரர் கைவிரித்தார். ரோசம்மா தொழிலாளிதானா என்று பார்க்க, தொழிலாளர் அதிகாரி எங்கள் படிவத்தைக் கேட்டார்.

"உள்ள போய்ப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் வசந்தா.

"இல்லீங்க மேடம்."

"காதுகூடவா கேக்கல?"

படிவத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளச் சொன்னது துறை. தப்பு என்று ஒப்புக்கொண்டால் ஆராய்ச்சியே போய்விடுமாம். வசந்தா அதிகாரி முன் நின்று, "எங்க படிவம் தப்புங்க. இந்தம்மா மண்டிக்குத்தான் புளி தட்டறாங்க. ஊருக்கு வர்றப்பெல்லாம் பக்கத்துல உக்காந்து நானே பாத்திருக்கேன்" என்றார்.

ரோசம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "நானே சும்மா இருக்கறதாத்தானுங்க நெனச்சிருந்தேன்" என்றார். அதிகாரி 'தொழிலாளி' என்று எழுதினார்.

வசந்தாவின் ஆய்வைத் துறை குப்பையில் போட்டது. அத்தனை வீடுகளுக்கும் அவர் மறுபடி நடந்தார். சிரித்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கும் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கும் இது தெரியாது. 'எங்க படிவம்' என்றாரே தவிர, எழுதியவன் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் செய்த தப்பு என்றே துறை பேசியது. நான் வெட்கமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி திருப்பித் தந்த அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளை என் ஐந்து நிமிடத்தில் அதை எடுத்துக் காட்டப் போகிறேன். கையெழுத்து என்னுடையது.